ராகு காலத்தில் நின்ற வண்டி

சித்திரை 5, வெள்ளி

காலையிலிருந்தே அனல். கெலமங்கலம் ரோட்டுச் சிறுபாலத்துக்கு இன்று மேல்தளம். ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டி பத்தரைக்கே வந்துவிட்டது. ராகு காலம். பன்னிரண்டு வரை ஊற்றக் கூடாது என்றேன். மகன் மாதேஷ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கான்ட்ராக்ட் லைசென்ஸ் அவன் பெயரில். தொழிலை ஆரம்பித்தவன் நான்.

பன்னிரண்டுக்குச் சூடம், பூசணிக்காய். கலவை இறங்கியது, கஞ்சி மாதிரி. டிரைவர் நாகராஜு தண்ணீர் கலந்திருக்கிறான். சத்தம் போட்டு நிறுத்துவதற்குள் பாதித் தளம் நிரம்பிவிட்டது. மீதியோடு வண்டியைத் திருப்பி அனுப்பினேன்.

முழங்கால் வலி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

6, சனி

வேலையைச் சோதிக்க இன்ஜினியரம்மா வந்தார். தென்காசிப் பக்கத்துப் பெண். ஊற்றியதை இடித்து எடுக்க வேண்டும் என்று ஒரே பேச்சு. நானும் அதையேதான் நேற்றுச் சொன்னேன். டிரைவர் செய்த வேலை என்றான் மாதேஷ். வண்டி ஏன் நின்றது என்று சொல்லவில்லை. பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

7, ஞாயிறு

மாத்திரை வாங்கினேன். மதியம் கோழிக் குழம்பு.

டீக்கடையில் பேச்சு: நாகராஜுவை ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். போன் போட்டேன். திட்டத்தான் போட்டேன்.

"தண்ணி ஊத்தினது நான்தானுங்க, இல்லேங்கல. ஒன்றரை மணி நேரம் வெயில்ல நின்னா இறுகாதுங்களா? டிரம்முக்குள்ள கல்லாயிட்டா நான்தான் உள்ள எறங்கிக் கொத்தணும்."

என்னைக் கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டேனுங்களே ஐயா. சூடம் ஏத்துனப்புறம்தான்னீங்க."

கேட்டான். உண்மை.

8, திங்கள்

இடிப்பு ஆரம்பம். பிரேக்கர் மெஷின் சத்தம் பல்லுக்குள் இறங்குகிறது. கம்பிகள் வளைந்து கிடக்கின்றன. பார்க்கப் பிடிக்கவில்லை, வீட்டுக்குப் போகவும் பிடிக்கவில்லை. மூன்று டீ.

மாதேஷ் ஓரமாகக் கூப்பிட்டான். "பேசாம இருப்பா. பிளான்ட்டே அவங்க தப்புன்னு ஒத்துக்கிச்சு. நீ வாயத் தொறந்தா நம்ம தலையில விடியும்."

தண்ணீர் கலந்தது குற்றம்தான். ராகு காலம் பார்த்தது தப்பில்லை. இத்தனை வருடமும் பார்த்தே ஊற்றினேன், ஒரு தளமும் இறங்கியதில்லை. ஆனால் வண்டியை நிறுத்தியது நான். நாகராஜு சோறு ஏன் போக வேண்டும்? திரும்பத் திரும்ப இதே.

9, செவ்வாய்

சைட்டில் எல்லோரும் இருக்கும்போதே இன்ஜினியரம்மாவிடம் சொன்னேன். "வண்டியை நிறுத்தி வச்சது நான். எழுதிக்கம்மா. பிளான்ட்டுக்கும் சொல்லிரு."

மாதேஷ் போனைப் பார்த்தபடி நகர்ந்துபோனான். அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாக, "இனிமே கான்கிரீட் போடுற அன்னைக்கு நீங்க உள்ள வரக் கூடாதுய்யா."

சரி என்று சொல்லவில்லை.

11, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. மாதேஷ் மூன்றாவது நாளாகப் பேசவில்லை. மருமகள் மூலமாகத்தான் சேதி. கணுக்கால் வீக்கம். பெயின்ட்காரனுக்குப் போன் செய்ய வேண்டும்.

15, திங்கள்

நாகராஜுவுக்கு வண்டி திரும்பக் கிடைத்துவிட்டது. போன் செய்தான். நன்றி எல்லாம் வேண்டாம், இனிமேல் தண்ணீர் ஊற்றினால் நானே பிடித்துக் கொடுப்பேன் என்றேன். சிரிக்கிறான்.

நாளை மறுபடி தளம். எத்தனை மணிக்கு என்று எனக்குச் சொல்லவில்லை. வெளிச்சம் வந்ததும் போய்விடுவேன். உள்ளே போக மாட்டேன். எதிரே ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்காருவேன். ரோடு அரசாங்கத்துடையது.