யானைக்கு முன்னால் உட்கார்ந்த கதை

ஆகஸ்ட் 3
யாரும் நம்ப மாட்டாத சரித்திரம் ஒன்றைச் சத்தியம் செய்து எழுதி வைக்கிறேன். நேற்று தேவாரம் ஊருக்கு மேலே, ஏலத்தோட்டப் பாதையில் ஒற்றைக் கொம்பன் மறித்தான். ஜீப்பில் வந்தவர்கள் சிதறி ஓடினார்கள். நான் மட்டும் பாதை நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். யானை முழங்கால் மடக்கிக் கும்பிட்டுவிட்டுப் போயிற்று. போடி ஊரே இதைத்தான் பேசுகிறது.

தங்கச்சி வீட்டுக்காரர் உக்கிரபாண்டி, "ஏன் மச்சான், திருநீறு பூசாமலா அனுப்புனீங்க?" என்றார்.

ஆகஸ்ட் 9
சோறு இறங்கவில்லை. எழுந்தால் வீடு சுற்றுகிறது. சுப்புத்தாயிடம் சொன்னேன். "நீங்க சொல்றதுல எதை நம்புறது?" என்று சோலியைப் பார்க்கப் போய்விட்டாள். பெண்டாட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. ஏலக்காய் மூட்டை தூக்கச் சொன்னதற்கு முதுகெலும்பு மூன்றாக முறிந்தது என்றவன் நான்.

ஆகஸ்ட் 12
நெசமாவே முடியல. யாருகிட்டச் சொல்ல?

ஆகஸ்ட் 14
மதுரை. என் நுரையீரல் புற்றுக்கட்டிக்கு ஊசி போடும் நாள். கட்டியை நேரே கொல்லும் மருந்தல்ல இது. உடம்பின் காவல் படையைத் தட்டி எழுப்பி அதன் மேல் ஏவிவிடும் மருந்து. டாக்டரம்மாவிடமும் யானையை அவிழ்த்துவிட்டேன். எல்லாரும் யானையைப் பற்றித்தான் கேட்டார்கள். இவர் ஒருவர்தான், "நீங்க ஏன் உட்கார்ந்தீங்க?" என்றார்.

உள்ளதைச் சொல்லிவிட்டேன். "கால் நிக்கல, தாயி."

ஊசியை நிறுத்தி, ரத்தம் எடுத்து, படுக்க வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 16
என் படை கட்டியோடு நிற்காமல், தலைக்குள் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பியையும் தாக்கிவிட்டதாம். பயமோ காய்ச்சலோ வலியோ வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது கார்ட்டிசால் என்ற சுரப்புநீர். அது சுரக்க அந்தச் சுரப்பிதான் உத்தரவு போட வேண்டும். உத்தரவு நின்றுவிட்டது.

"இனிமே அதை மாத்திரையாத்தான் குடுக்கணும். ஒரு வேளை விட்டாலும் உயிருக்கு ஆபத்து" என்றார் டாக்டரம்மா.

சுப்புத்தாய் வராந்தாவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

செப்டம்பர் 4
தங்கச்சி அமுதவள்ளியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அதுவரை மாமன் பல்லில் தண்ணீர் படக் கூடாது. எங்கள் வகையறா முறை. காலை மாத்திரையை வேட்டி மடிப்பில் செருகிவிட்டேன். ஆசாரி வரத் தாமதம். வேர்த்தது. கண் மங்கியது.

"என்ன செய்யுது?" என்றாள் சுப்புத்தாய்.

"மேற்குமலையே சுத்துது."

இந்த முறை அவள் சோலியைப் பார்க்கப் போகவில்லை. வேட்டி மடிப்பிலிருந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு அமுதவள்ளியைக் கூப்பிட்டாள். தங்கச்சி செம்போடு வந்தாள்.

"முறை தப்புனா என் தலையோட போகட்டும். முழுங்குண்ணே."

விழுங்கினேன். உடம்பு தெளியும்வரை ஆசாரியைக் காக்க வைத்தார்கள்.

குழந்தை வீறிட்டு என் நெஞ்சில் உதைத்தது. பிடி தளரவில்லை.

யானைக் கதையைத் திருத்தி எழுதுகிறேன். அன்று அந்த யானை தொலைவில், எதிர்ச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது. என்னை அது பார்க்கவே இல்லை. நான் உட்கார்ந்தது மட்டும் உண்மை.