கறிவேப்பிலைக்கு அடியில் ஓர் ஆங்கிலக் கிராமம்

இஞ்சாருங்கோ, என் ராசா,

நீங்கள் போய் மூன்று மாதமாகியும், ஒரு விஷயம் என்றால் வாய் உங்களைத்தான் முதலில் கூப்பிடுகிறது. இன்றைக்குக் கூப்பிடாமல் எப்படி? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காலையில் மார்கரெட் போன் எடுத்தாள். கலியாணம் கட்டிய புதிதில் நீங்கள் டொக்டராக இருந்த அந்த இங்கிலாந்துக் கிராமத்தில் நம் பக்கத்து வீட்டுக்காரி. தேவாலயத்துக்குப் பின்னால் செம்மறி மேயும் புல்வெளியில் வீடுகள் கட்டப் போகிறார்களாம். அங்கே பழைய குடியிருப்பு இருந்ததென்று வருகிற கிழமைக்குள், ஏழெட்டு நாளில், காட்டாவிட்டால் தோண்டத் தொடங்கிவிடுவார்கள். டொக்டர் பொறுக்கிய ஓடுகள் இருக்கின்றனவா என்று கேட்டு அழுதாள்.

அந்தச் சட்டித் துண்டுகள்! நிலத்துக்காரனிடம் கேட்டு, மழைக்குள் குனிந்து குனிந்து பொறுக்கினீர்கள். தேவாலயம் எழும்ப முன்பே இங்கே ஆட்கள் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தீர்கள். எந்த மூலையில் எடுத்ததென்று ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் எழுதி, சிட்னிக்கும் காவிக்கொண்டு வந்தீர்கள்.

"எங்கட ஊர்ச் சரித்திரமே தெரியாது. வெள்ளைக்காரன்ர ஊர் என்னத்துக்கப்பா?" என்று நக்கலடிப்பேன்.

"எங்களை முதல்ல வாங்கோ எண்டு சொன்ன ஊரப்பா," என்பீர்கள்.

ஓடுகளை நீங்கள் வைத்திருந்த பெட்டியைத் திறந்தால் வெறும் பெட்டி. வீடு முழுக்கப் புரட்டிவிட்டு, ஸ்பிரிங்வேலில் இருக்கும் உங்கள் அக்காவுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் போன எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்குக்கு வீடு கழுவியது மச்சாள்தானே.

"செத்த வீட்டில உடைஞ்ச சட்டி வச்சிருக்கலாமோ பிள்ளை? எறியவும் மனம் வரேல்ல. தம்பியின்ர கறிவேப்பிலையைப் பெரிய சாடிக்கு மாத்தேக்க அடியில போட்டனான், தண்ணி வடியட்டுமெண்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு போனை வைத்துவிட்டேன்.

சிட்னியில் எங்கள் நார்த்மீட் குளிரில் பட்டுப் பட்டுப்போய், நீங்கள் சாக்குப் போர்த்திக் காப்பாற்றிய மரம். உங்கள் கை பட்டு உயிரோடு நிற்பது இந்த வீட்டில் அது ஒன்றுதான். இந்த நாட்டு ஆடிக் குளிரில் வேரை அசைத்தால் தப்பாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஐயோ, நான் எதை விடுவது, எதைப் பிடிப்பது? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

சாடியைக் கட்டிப்பிடித்து அழுதேன். பிறகு சரித்து இழுத்தேன். வேர் அறுந்த சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

குழாயடியில் ஓடுகளைக் கழுவினேன். சிலவற்றில் மை போய்விட்டது. மிச்சம் போதுமோ தெரியாது. 'வடக்கு மூலை', 'ஓடைக்கரை' என்று உங்கள் எழுத்து, எல்லாம் தமிழில். அந்தக் கிராமத்தில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாதே, மனுசா! தபாலில் போட்டு என்ன பயன்?

பிளேனுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்த முழங்காலோடு தனியாகப் போகப் பயம்தான். மரத்தை வேறு மண்ணில் ஊன்றி நீங்கள் இடுப்பில் உடுத்த சாரத்தைச் சுற்றியிருக்கிறேன். அது பிழைக்கும் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. அந்தப் புல்வெளியில் நின்று, உங்கள் எழுத்தை ஒவ்வொன்றாய், அவர்கள் எல்லாருக்கும் கேட்க, நான் வாசிப்பேன். அது சத்தியம்.

உங்களை நக்கலடித்தே கிழவியான,
உங்கள் மனுசி