பதில் ஏதும் கூறவில்லை

பாளையங்கோட்டை
16.2.2024

அன்புள்ள பானுமதிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நலம். காது மந்தமாகிவிட்டதால் போனில் பேச முடிவதில்லை, அதனால்தான் கடிதம். ரிட்டயர் ஆனபின் நான் சொல்லச் சொல்ல எழுத உன்னைப்போல் ஆளில்லை. கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

ஒரு உதவி வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்துக்காக எங்கள் சபையில் ஒரு கட்டுரை வாசிக்கிறேன். இயேசுவைப் பிலாத்து விசாரித்ததாக வேதத்தில் உள்ளது நடந்திருக்கக்கூடியதா என்பது பொருள். படித்தவர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள். பிலாத்து ரோமாபுரி அனுப்பிய தேசாதிபதி, அதாவது கவர்னர். ஈவிரக்கமற்றவன் என்று அக்காலத்து யூத அறிஞர் ஒருவரே எழுதியிருக்கிறார். அவன் போய்க் கைதியை விட்டுவிட மூன்று முறை முயன்றானாம், கூட்டம் கத்தியதும் பணிந்தானாம். பண்டிகைக்கு ஒரு கைதியை விடுதலை செய்யும் வழக்கமும் வேறு எந்த ஏட்டிலும் இல்லையாம்.

நான் நம்புகிறேன். தாசில்தாராக விசாரணை நடத்தி, அந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். வளப்பூர் நாட்டுக் குழந்தைவேலு நினைவிருக்கிறானா? ரோடு போடும் இடத்தில் கல் அடுக்கி மறித்து, தகராறு செய்யமாட்டேன் என்று எழுதிக்கொடுத்த நன்னடத்தைப் பத்திரத்தை மீறினான் என்று ஐந்து வருடத்துக்கு முன் சிறைக்கு அனுப்பினோமே. பாவம், மூன்றாம் மாதம் உள்ளேயே காய்ச்சலில் போய்விட்டான். அவனையும் விட்டுவிட நான் மூன்று முறை முயன்றேன். ஊரே திரண்டு நின்றது, அவனோ வாயைத் திறக்கவில்லை. அன்று விசாரணைக் குறிப்பை எழுதியவள் நீ. நான் அப்படி முயன்றதை அரைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் கட்டுரையில் சேர்த்துக்கொள்வேன். புதிய ஏற்பாடு ஒன்றும் அனுப்பியிருக்கிறேன், படித்துப் பார்.

அன்புடன்,
ஐ. ஞானசிகாமணி

வாழவந்தி நாடு
27.2.2024

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். புத்தகம் வந்தது. பஸ்ஸில் போகவர அந்த விசாரணைப் பகுதியை நான்கு பேர் எழுதியதிலும் படித்தேன். நம் ஆபீசில் ஒரே விசாரணையை இப்படி நான்கு விதமாக எழுதியிருந்தால் நான்கு பேருக்கும் நீங்கள் மெமோ கொடுத்திருப்பீர்கள்.

எனக்கு முதலில் தோன்றியது கிளார்க் புத்திதான். சீடர்கள் ஓடிவிட்டார்கள், கூட்டம் வெளியே நிற்கிறது. உள்ளே பேசியதை யார் எழுதிக்கொண்டார்கள்? ஒரு புத்தகத்தில் இயேசு ஒரு வார்த்தையோடு வாய் மூடிவிடுகிறார். கடைசிப் புத்தகத்தில் தேசாதிபதியோடு நீளப் பேசுகிறார். பேசினாரா, பேசவில்லையா?

குழந்தைவேலுவின் மனைவி கண்ணாயி தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த விசாரணைக் குறிப்பின் நகலை வாங்கிவிட்டார். திங்கட்கிழமைதோறும் வளப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறார். விசாரணையன்று அவரை உள்ளே விடவில்லை அல்லவா. "எதிர்மனுதாரர் பதில் ஏதும் கூறவில்லை" என்ற வரியில் விரலை வைத்து ஒன்றையே கேட்கிறார்: "எங்கூட்டுக்காரரு பேசாம நிக்கற ஆளே இல்லீங்களே. உள்ளார என்ன சொன்னாருங்க?"

நான் என்ன சொல்லட்டும் ஐயா? அரைப் பக்கத்தை இன்னும் எழுதவில்லை.

பணிவுடன்,
சு. பானுமதி

பாளையங்கோட்டை
8.3.2024

அன்புள்ள பானுமதிக்கு,

உன் கடிதம் எனக்கு வருத்தம் தந்தது. அந்த அம்மாளுக்கு இடம் கொடுக்காதே. ஏட்டில் இருப்பதுதான் நடந்தது. பத்து வருடம் என்னிடம் வேலை பார்த்தவளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உன் பிரமோஷனுக்கு நான் எத்தனை பேரிடம் பேசினேன் என்பதும் உனக்குத் தெரியும்.

சில நாட்களாகத் தூக்கம் சரியில்லை. கண்ணை மூடினால் குழந்தைவேலுவை விசாரித்த அந்தப் பள்ளிக்கூட அறைதான். அவன் நிற்கிறான், வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. காதுக் கோளாறுதான் என்று டாக்டர் சொல்கிறார்.

இருபத்தெட்டாம் தேதி பெரிய வியாழன், அதற்குள் அந்த அரைப் பக்கம் வரட்டும். எனக்கு அது தேவை, பானுமதி.

ஐ. ஞானசிகாமணி

வாழவந்தி நாடு
19.3.2024

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

உங்களுக்கு இருக்கும் கோளாறு எனக்கும் இருக்கிறது. ஆனால் எனக்குக் கேட்கிறது. "பதில் ஏதும் கூறவில்லை" என்பது எத்தனையோ பைலில் வரும் வரி. ஐந்து வருடமாக அதை டைப் அடிக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் குழந்தைவேலுவின் குரல் கேட்கிறது. திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள்.

நீங்கள் கேட்ட அரைப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். நடந்ததுதான் வந்தது. திரண்டு நின்ற ஊர் மொத்தம் பதினோரு பேர். ரோடு காண்ட்ராக்டரின் ஜீப்பில் வந்து அதே ஜீப்பில் போனார்கள். அவரை விட்டுவிடப் பார்த்து நீங்கள் மூன்று முறை அறிவுரை சொன்னதாக உள்ள வரிகளை நான் அன்று எழுதவில்லை. நான்கு நாள் கழித்துச் சேந்தமங்கலம் ஆபீசில் நீங்கள் சொல்லச் சொல்லச் சேர்த்தேன். குழந்தைவேலு பேசினார் ஐயா. எழுத வேண்டாம் என்று நீங்கள் விரலை உயர்த்தினீர்கள், நான் பேனாவை மூடினேன். என்னைப் பார்த்துத்தான் அவர் சொன்னார்:

"கல்லு வெச்சது நாந்தானுங்க, இல்லைங்கல. ரோடு போற எடத்துல எங்க மொளகுக் கொடி பதினேழு நிக்குதுங்க. காய் பறிச்சுக்க பத்து நாளு குடுங்கன்னுதான் கேட்டேன். அப்பறம் வெட்டிக்கட்டும். இதையும் எழுதிக்கோ சாமி."

பத்து நாள்தான் கேட்டார். அதை எழுதியிருந்தால், தகராறு செய்யவில்லை, தவணைதான் கேட்டார் என்று ஏட்டிலேயே இருந்திருக்கும்; அவரைச் சிறைக்கு அனுப்ப நமக்குக் காரணமே இருந்திருக்காது.

பிலாத்து பற்றிக் கேட்டீர்கள். அவர் மனம் தடுமாறினாரா என்று எனக்குத் தெரியாது. தடுமாறியதாக எழுதுவது எவ்வளவு சுலபம் என்று மட்டும் தெரியும்.

நேற்று திங்கட்கிழமை. கண்ணாயி வந்தார். அவர் புருஷன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். "அதானே பாத்தேன்," என்றார். இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் எழுதி, எழுதாமல் விட்டது நான்தான் என்றும் சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறு விசாரணை கேட்டு மேலதிகாரிக்குத் தரும் மனுவில் அதை இணைத்துவிட்டார். எனக்கு இரண்டு வருட சர்வீஸ் பாக்கி. அதுவரை வேலை இருக்குமா, தெரியவில்லை.

நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. அதனால்தான் இதற்கு ஐந்து வருடம் ஆயிற்று.

மறு விசாரணை வந்தால் உங்களையும் கூப்பிடுவார்கள். அன்று எழுத உட்காருகிறவர் யாராக இருந்தாலும், நீங்கள் சொல்வதை முழுதாக எழுதிக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சு. பானுமதி