ஒரே ஆணியில் இரண்டு சாவி

தோஹா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் மழை விட்டதா? நான் சுகம்.

வேலையில் ஒரு சின்னத் தவறு. நான் காக்க வேண்டிய வாடிக்கையாளர் விவரங்களை நானே அழித்துவிட்டேன். இன்னொரு கணினியிலும் அவை இருக்கின்றன என்று தைரியமாக இருந்தேன். ஆனால் முதலாவதில் நடப்பது அந்த நொடியே இரண்டாவதிலும் நடக்கும், அங்கேயும் அழிந்துவிட்டது. தனியாக எடுத்து வைத்த பிரதியை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அது திறக்கவில்லை. "பரவால்ல மச்சான், தட்டிருவோம்" என்று கூட வேலை செய்யும் பண்டாரவளை இன்ஸாப் என்னோடு உட்கார்ந்து, பழைய பில்களைப் பார்த்து விவரங்களை மறுபடி கணினியில் அடிக்கிறான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நம் லயத்து வீட்டுக் கதவின் இரண்டு சாவியையும் ஒரே ஆணியில் மாட்டுகிறீர்கள் என்று உங்களைக் கேலி செய்தேனே. ஒன்றை எனக்கு அனுப்புங்கள். இன்ஸாப் கூப்பிடுகிறான். அனுப்புமுன் பூட்டில் போட்டுப் பாருங்கள் அப்பா, நான் வரும்போது திறக்க வேண்டும்.

உங்கள் மகன்
கோகுலராஜ்