மழைமானிக்கு ஒரு மூடி

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நல்ல வெயில். காற்று மட்டும் மலைக் காற்று. கச்சிராயபாளையத்தில் முதல் பஸ் பிடித்து மேலே. ராமாயி அக்கா வாசலில் மழைமானி வைத்தாயிற்று. (அப்பாவின் கரும்பு வெட்ட வருகிறவர். வீடு ஓடைக்குப் பக்கம்.) ஓடையில் சுண்ணாம்பு தடவிய மூங்கில். தண்ணீர் ஏறின மட்டும் சுண்ணாம்பு கரைந்துபோகும். மேலே இத்தனை மழை பெய்தால் ஓடை இத்தனை ஏறும். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

காலேஜில் சார் சொன்னது: திங்கள் 18க்குள் ஒரு மழையாவது அளந்து வரணும். இல்லாவிட்டால் எல்லாரையும் போல நீரியல் புத்தகக் கணக்கு. எனக்கு இந்த ஓடைதான் வேண்டும். எங்கள் கரும்புக்கு வருகிற தண்ணீர் கோமுகி அணைக்கு முன்னால் எங்கே இருந்தது என்று தெரியாமலே இத்தனை வருஷம் அதில் குளித்திருக்கிறேன்.

அக்காவிடம்: "பத்திரமா பாத்துக்குங்க்கா. இதுக்குள்ள எதுவும் வுழக்கூடாது."

"நீ நிம்மதியா போ பாப்பா."

மறக்காமல்: ஸ்கேல். அக்கா பிள்ளைகளுக்கு பன்.

12, செவ்வாய்

மேகமே இல்லை. மதியம் முழுக்க ஓடைப் பாறையில் படுத்திருந்தேன். வேலை என்று எழுதிக்கொள்ளலாம். காய்ந்த இலை ஒன்றை விட்டேன். சுழலில் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது. என்றைக்காவது அணை. அப்புறம் மதகு, வாய்க்கால், எங்கள் வரப்பு. அப்பா மண்வெட்டியோடு நிற்கும்போது காலில் படும். யார் அனுப்பியது என்று தெரியாது அவருக்கு. தூங்கிவிட்டேன் போல. கன்னத்தில் பாறையின் அச்சு.

பஸ்ஸில் முன் சீட்டு அம்மா: "மழ இன்னா, டவுன் பஸ்ஸா, டயத்துக்கு வர?" பக்கத்து அம்மா: "அதுவும் ஒண்ணும் டயத்துக்கு வர்றதில்லையே."

14, வியாழன்

நேற்று சாயந்திரம் மலை கறுத்தது. மாடியில் நின்று குதித்தேன். அம்மா: "பைத்தியம் புடிச்சிகிச்சா?"

இன்று முதல் பஸ். மூங்கிலில் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பைக் காணோம்! ஓடை செம்மண் நிறம். வாசலுக்கு ஓடினேன்.

மழைமானி மேல் சோற்றுத் தட்டு. தட்டின் மேல் கல். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"இன்னாக்கா இது?"

"எதுவும் வுழக்கூடாதுன்னியே. மழ ஜாஸ்தியாச்சி, தட்டு பறந்துடப்போவுதுன்னு நனஞ்சிகினே போயி கல்லு வெச்சேன்."

அழுகை வந்தது. கூடவே சிரிப்பும். மழையைத் தவிர என்று நான் சொல்லவே இல்லையே. விஷயத்தைச் சொன்னதும் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, மழய புடிக்கறதுக்கா வெச்ச?"

15, வெள்ளி

விடுமுறை. கூடப் படிக்கும் தேவி போனில்: "எதனா ஒரு நம்பர் போடுடி. மலைக்கு போயி யாரு பாக்கப்போறாங்க?"

போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அடித்துவிட்டேன். அந்த இலையை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

17, ஞாயிறு

மூங்கிலுக்குப் புதுச் சுண்ணாம்பு. மழைமானி விளிம்பில் கோழி. "மூடி வைங்க்கா, அசிங்கம் பண்ணிடும்" என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம். நாளை திங்கள். போகட்டும், புத்தகக் கணக்குதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டே வந்தேன். தேறவில்லை.

அடிவாரம் வந்ததும் போன். அக்கா. அங்கே சிக்னல் கிடைப்பது பலாமரத்துப் பாறையில் மட்டும். அதில் ஏறி நின்று பேசுகிறார். பின்னால் ஓவென்று மழை.

"பாப்பா, மழ புடிச்சிகிச்சி. தட்டு மூடிதான் கீது. அப்டியே வுட்டுடட்டா, எடுத்துடட்டா?"

"எடுங்க்கா! எடுத்துடுங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர்: "இன்னாம்மா, எதை எடுக்கணும்?"

"தோ ஓடறேன்" என்றார் அக்கா. சடசடவென்று மழை, மூச்சு வாங்கும் சத்தம், லைன் கட்.

நாளை முதல் பஸ். அளந்துவிட்டு நேரே காலேஜ். சாரிடம் ஒன்று மட்டும் சொல்லணும். பாறைக்கும் வாசலுக்கும் அக்கா ஓடின நேரத்து மழை கணக்கில் வராது. அது அக்கா மேல் விழுந்தது.