மாட்டு நெஞ்சைச் சோதித்த அண்ணனுக்கு

என் ஆசை அண்ணா,

வெளிநாட்டில் நீ வேலை பார்த்த இறைச்சிக் கூடத்தில், வரப்போகிறது என்று நீ சொன்ன கேமராவை மாட்டியே விட்டார்களாம். உன்னோடு வேலை பார்த்த திட்டக்குடிக்காரர் போனில் சொன்னார். அறுத்த மாட்டின் நெஞ்சுக்குள் அது போய், நுரையீரலைத் திரையில் பெரிதாகக் காட்டுகிறதாம். யூதர்கள் தங்கள் மத விதிப்படி சாப்பிடும் கோஷர் கறியைச் சோதிக்கும் உங்கள் பெரியவர் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பழையபடி கையையும் உள்ளே விடுகிறாராம். கேட்டதும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

வீடியோ காலில் நீதானே எனக்கு அதெல்லாம் சொன்னாய்? "நுரையீரலு நெஞ்சுல எங்கயாவது ஒட்டிக்கிட்டிருந்தா பெரியவர் வுடமாட்டாரு. காத்து ஊதி, அந்த எடத்துல தண்ணி ஊத்திப் பாப்போம். குமிழி வந்தா ஓட்ட. சந்தேகமா இருந்தாலே தள்ளி வெச்சிடணும்." மாட்டுக்கு இவ்வளவு செக்கப்பா என்று கேலி செய்தேன்.

கடைசியாக லீவில் வந்தபோது இருமினாய். வெளிநாடு போகுமுன் விருத்தாசலம் செராமிக் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் கல்மாவு சலித்த நெஞ்சு அது. "உள்ள எங்கயோ ஒட்டிப் புடிக்கிற மாதிரி இருக்குது" என்றாய். நான் என்ன செய்தேன்? "அங்க குளிரு ரூமுல நின்ன சளி, சரியா பூடும்" என்று கஷாயம் வைத்துக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அரை மணி நேர வேலை. கூட்டிப்போகவில்லையே, பாவி நான்.

நாலு மாதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாய். கல்மாவுத் தூசி நெஞ்செல்லாம் தழும்பாக்கிவிட்டது என்றார் டாக்டர். ஏன் இவ்வளவு லேட்டு என்று கேட்டார். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எனக்குத்தான் லீவு பத்தல சார்" என்றாய். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை. முன்பே பார்த்திருந்தால் இருந்திருப்பாயா, அண்ணா? யாரைக் கேட்பேன்?

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ கண்மூடிய பிறகு அண்ணியும் அதே பட்டறையில் சல்லடை பிடிக்கிறார். பத்து நாளாக இருமல். "சும்மா சளிதான் பாப்பா. லீவு போட்டா மேஸ்திரி திட்டுவாரு" என்றார்.

"சந்தேகமா இருந்தாலே மாட்டக்கூட சும்மா வுடக்கூடாதுன்னு அண்ணன் சொல்லும், அண்ணி."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

நாளைக் காலையில் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போகிறேன். படத்தைக் கையில் வாங்காமல் வீடு திரும்ப மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உனக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்த தங்கச்சி,
செல்வி