கன்னிவாடிக்கு இறங்கிய மரம்

என் அன்பு முருகேசா,

நீ பாதியில் விட்டுப்போன குழந்தை அறையை முடித்துவிட்டேன். முடித்தேன் என்று சொல்வது சரிதானா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. எதையும் உன்னிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுச் செய்தே பழகியவன் நான். இப்போது யாரிடம் கேட்பது?

கவிதா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததுமே மேற்கு அறையை நீ காலி செய்தாய். "பிள்ளை ரூமுக்கு ஒரு தீம் வேணும்ப்பா. நம்ம சோலைக்காடுதான் தீம்" என்றாய். பிறப்பதற்கு முன்னால் எதுவும் தயார் செய்யக்கூடாதே என்று நான் தயங்கினேன். "தொட்டில்தானப்பா வாங்கக்கூடாது, செவத்துக்கு என்ன சாஸ்திரம்?" என்று சிரித்துக்கொண்டே பிரஷ்ஷை எடுத்தாய்.

ஒரே ஒரு மரம் வரைந்தாய். அடி வளைந்து, கிளையெல்லாம் பாசி தொங்க, நம் மலை மரம். மறுநாள் நம் மேல்மலைப் போளூருக்குப் பூண்டு லோடு எடுக்கப் போனாய். மழையில் ஜீப் சறுக்கியது. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

அந்த அறை பூட்டியே கிடந்தது. ஒருநாள் காலையில் கவிதா அதைத் திறந்து, உன் மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "மாமா, ஒத்த மரமா நிக்குதே. காடுன்னுல்ல சொன்னாங்க" என்றாள்.

வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் மலையும் ஆறும் வரைந்த பூகோள வாத்தியார்தானே நான்? ஆனால் சுவரைத் தொடப் பயமாக இருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன், பென்சிலால் கோடு போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டேன். மூடுபனியில் பெயிண்ட் காயவே இல்லை. உன் மரத்தைச் சுற்றி மெதுவாக ஒரு காடு வந்தது. சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு காட்டுமாடும் வந்தது.

"மாமா, இது காட்டுமாடா? எங்க கன்னிவாடி எருமை மாதிரில்ல இருக்கு!"

"கால் கொஞ்சம் குட்டையாப் போச்சும்மா."

"கால் மட்டுமா? மூஞ்சியப் பாருங்க. சோலிக்கு வந்துட்டு வழி தெரியாம முழிக்குது."

சத்தமாகச் சிரித்துவிட்டாள். நீ போனபின் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். உடனே சிரித்ததே தப்பு என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

இந்த அறையில்தான் உன் பிள்ளை கண் விழிக்கப்போகிறது என்று நினைத்து நினைத்தே ஒவ்வொரு இலையையும் வரைந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தெரிந்ததுதான். ஆனால் பெற்றபின் யாரை நம்பி அவள் திரும்பி வருவாள்? அதை அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்காமல் இருந்தால் வந்துவிடுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

ஏழாம் மாதம் அவள் அம்மா கூட்டிப்போக வந்தார்கள். வளைகாப்பு வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாள் பையிலிருந்து கண்ணாடி வளையல்களை எடுத்து, "எவ என்ன சொன்னாலும் எம்மகளுக்கு நான் போடுவேன்" என்று கை நிறையப் போட்டுவிட்டார்கள். அப்புறம் அறையைப் பார்த்தார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அண்ணே, பிள்ள பெத்ததும் அனுப்புறேன்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக எனக்கு மனசு வரல. சின்ன வயசு அவளுக்கு. அங்க பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சொல்லி வச்சிருக்கோம். இனி அவ எங்ககூடயே இருக்கட்டும்ணே."

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். "நானே சொல்லணும்னுதான் மாமா இருந்தேன்…" என்றாள். இது தெரிந்தேதான் அவ்வளவு நாளும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வண்ணம் கலக்கிக் கொடுத்தாளா? யாருக்காக, முருகேசா?

எங்கிருந்து வந்ததோ, "உங்க வீட்ல பிள்ளைக்கு எந்த ரூம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"ரூமா?" என்று அந்த அம்மாள் விழித்தார்கள். "கெழக்கால ரூம் ஒண்ணு கெடக்கு. நெல்லு மூட்டை அடுக்கியிருக்கு."

காட்டுமாட்டை எங்கே வேண்டுமானாலும் வரையலாம். உன் மரத்தை எப்படிக் கொண்டுபோவது? சுவரைப் பெயர்க்க முடியாதே. பிள்ளைகளுக்குத் தேசப்படம் எடுத்துக்கொடுத்த முறைதான் கடைசியில் கைகொடுத்தது. மெல்லிய டிரேசிங் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, மரத்தின்மேல் விரித்து, கோடு கோடாக நகல் எடுத்தேன். ஓரிடத்தில் உன் பச்சை ஒழுகி வேர்வரைக்கும் இறங்கியிருக்கிறது. திருத்தலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். பிறகு அதையும் அப்படியே எடுத்தேன்.

போன வாரம் கன்னிவாடியில் அந்த அறைச் சுவரில் மரத்தை இறக்கினேன். அந்த வெயிலுக்குப் பெயிண்ட் வெரசாகக் காய்ந்துவிடுகிறது. சன்னலில் நம் மலை நீலமாகத் தெரிகிறது. கவிதா நாற்காலியில் உட்கார்ந்தபடி பச்சையைக் கலக்கினாள். முடிந்ததும் எழுந்து வந்து அடிமரத்தில் கை வைத்தாள்.

"அவரு வரைஞ்ச மாதிரியே இருக்கு மாமா."

கோடு உன்னுடையது, கை என்னுடையது. இது யார் மரம்?

"அடிக்கடி வருவீங்கள்ல?"

"வருவேம்மா."

"பொய் சொல்லாதீங்க. பஸ்ல வாந்தி வரும்னு மாத்திரை போட்டுக்கிட்டு வந்த ஆளு நீங்க."

"மாத்திரை இன்னும் இருக்கும்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கே மேற்கு அறையைப் பூட்டவில்லை. வெயில் வரும்போதெல்லாம் சன்னலைத் திறந்துவைக்கிறேன், ஈரம் ஏறி உன் மரம் உரிந்துவிடாமல் இருக்க. உள்ளே போனால் இன்னும் பெயிண்ட் வாசனை அடிக்கிறது. குழந்தைக்கென்று செய்த அறையில் குழந்தை இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது வருவாய் என்று அவளிடம் ஒருநாளும் கேட்க மாட்டேன். டிரேசிங் தாள்களைச் சுருட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளைக்கு அவளுக்கு வேறொரு வாழ்க்கை அமையலாம்; அமைய வேண்டும். அந்த வீட்டிலும் உன் பிள்ளைக்கு ஒரு சுவர் கொடுத்தார்கள் என்றால், போய் வரைந்து கொடுத்துவிட்டு வருவேன். அது யார் வீடு என்று மனம் கோண மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பிள்ளைக்குத் தாத்தாவாகப் போகிற
உன் அப்பா